பரப்பி வைத்த விளையாட்டு

போஸ்டர் வந்து இறங்கிய அன்றே முஜிபுர் ரகுமான் தேனம்மைக்குப் போன் போட்டுவிட்டார். கடைக்கு வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகும்படி சொன்னார். அவர் பார்க்கச் சொன்னது போஸ்டரை மட்டும் அல்ல என்பது அவளுக்கும் தெரியும்.

காரைக்குடி செக்காலை ரோட்டில் செல்போன் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் கடை அது. ஒரு காலத்தில் கேசட், பிறகு சி.டி., இப்போது வீடியோ கேம் டிஸ்க்கும் கன்ட்ரோலரும். திருப்பத்தூரில் இருப்பவர்களும் சிங்கம்புணரியில் இருப்பவர்களும் புது கேம் வேண்டுமென்றால் பஸ் ஏறி அங்கேதான் வருவார்கள். தேனம்மை வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்ப்பவள். சனி, ஞாயிறுகளில் மாடி அறையில் உட்கார்ந்து கேம் ஆடி, அதைப் பற்றித் தமிழில் பேசி வீடியோ போடுவாள். பெரிய சேனல் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்த வட்டாரத்தில் கன்ட்ரோலர் பிடிப்பவர்களில் பாதிப் பேருக்கு அவள் குரல் பழக்கம்.

போஸ்டரில் பனி மூடிய ஒரு துறைமுகம். தூரத்தில் கலங்கரை விளக்கம். சிவப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். 'ஓர்லின் கோஸ்ட்' கேமின் இரண்டாம் பாகம். தேனம்மை பனியை நேரில் பார்த்தவள் இல்லை. அவளுக்குத் தெரிந்த பனியெல்லாம் புத்தகங்களில் விழுந்த பனிதான். எங்கோ ஒரு ஊரில் யாரோ ஒருத்தி ஜன்னலைத் திறப்பாள், உலகம் வெள்ளையாகக் கிடக்கும். வெளியே மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போக, அவள் அந்தத் துறைமுகத்துக்குள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

"என்ன ஆச்சி, பாத்ததும் குளிருதா?" என்றார் முஜிபுர். அவளைவிட ஏழெட்டு வயது மூத்தவர். வாடிக்கையாளருக்கான மரியாதையும் கேலியும் பாதிப் பாதி கலந்து அவளை ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்.

பிறகு விஷயத்துக்கு வந்தார். கேம் வெளியாக இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. எத்தனை பேர் முன்பணம் கட்டிப் பதிவு செய்கிறார்களோ அத்தனை டிஸ்க்தான் சென்னை டீலர் அனுப்புவார். பதிவு குறைந்தால் டிஸ்க் குறையும், டிஸ்க் குறைந்தால் ஆட்கள் ஆன்லைனுக்குப் போய்விடுவார்கள், போனவர்கள் திரும்பி வருவதில்லை. தேனம்மை ஒரே ஒரு வீடியோவில், எல்லாரும் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள் என்று சொன்னால் போதும்.

"முடியாது அண்ணே," என்றாள் தேனம்மை.

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

முதல் பாகத்துக்கு அவளும் எல்லாரையும் போல முன்கூட்டியே பணம் கட்டினவள்தான். அந்தக் காத்திருப்பு எவ்வளவு நன்றாக இருந்தது என்பதை அவள் மறுக்க மாட்டாள். காலையில் எழுந்தால் ஏதோ ஒரு நல்லது வழியில் வந்துகொண்டிருப்பது போல இருக்கும். வந்து சேர்ந்ததோ வேறு. கேமில் அவள் ஏறிய குதிரை சுவருக்குள் புகுந்து வயிறுவரை சிக்கிக்கொண்டது. கடல் இருக்க வேண்டிய இடம் சாம்பல் நிறமாகக் கிடந்தது. நாள் முழுக்க ஆடியதெல்லாம் சேமிக்கப்படாமல் போனது. சில மாதங்களில் கேம் கம்பெனிக்காரர்கள் எல்லாவற்றையும் சரிசெய்தார்கள். அதற்குள் விலை பாதியாக இறங்கியிருந்தது. பொறுத்திருந்தவர்களுக்கு நல்ல கேம் மலிவாகக் கிடைத்தது. முந்திப் பணம் கட்டியவர்களுக்கு மட்டும் என்று கேமுக்குள் கொடுத்த நீலத் தொப்பியையும் பிற்பாடு எல்லாருக்கும் இலவசமாக விட்டார்கள்.

"அதெல்லாம் போன பாகம்," என்றார் முஜிபுர். "ஒருதடவை அடி வாங்குனவன் மறுதடவை சுதாரிச்சுக்க மாட்டானா?"

"சுதாரிச்சானா இல்லையான்னு பாத்துட்டுச் சொல்றேன். பாக்காம எப்படிச் சொல்றது?"

"நீ பாத்துட்டுச் சொல்றதுக்குள்ள நான் கடையப் பூட்டிட்டு அங்குட்டு ஜெராக்ஸ் கடையில வேலைக்குச் சேர்ந்துருவேன்."

கேலிதான். ஆனால் அதற்கு அடியில் கேலி இல்லாத ஒன்று இருந்தது. அந்தக் கடை இல்லாத செக்காலை ரோட்டை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு அவள் முதல் கன்ட்ரோலரை வாங்கியது அங்கேதான். பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காத கடை. அவர் கேட்பதோ ஒரே ஒரு வீடியோ. அதை மட்டும் அவளால் செய்ய முடியாது. தன் பேச்சை நம்பிப் பஸ் ஏறி வருகிறவர்களிடம், தானே பார்க்காத ஒன்றை வாங்கு என்று எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். உமையாளுக்குக் கேம் பற்றி ஒன்றும் தெரியாது, கருத்துக்கு மட்டும் குறைவு இருக்காது. சாமானைப் பார்க்காமல் எவனாவது பணம் கொடுப்பானா என்று ஆரம்பித்தார். தேனம்மைக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"நீங்க மட்டும்? நான் ஒண்ணாப்புப் படிக்கிறப்பலேருந்து எவர்சில்வரா வாங்கி அடுக்கி வச்சிருக்கீகளே. எந்த மாப்பிள்ளையப் பாத்து வாங்குனீக?"

"பாத்திரம் சுவத்துக்குள்ள போய் மாட்டிக்கிறாது," என்றார் உமையாள். "உன் குதிரைதான் மாட்டிக்கிரும்."

தேனம்மை மாடிக்கு ஏறிப் போய்விட்டாள்.

அந்த வாரம் கண்டனூரில் ஒரு கல்யாணம். பெண் வீட்டார் கொடுக்கும் சாமான்களை வீட்டின் உள்முற்றமான வளவில் வரிசை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார்கள். குத்துவிளக்கிலிருந்து ஏர் ஃப்ரையர் வரை எல்லாம் இருந்தது. இரு வீட்டுச் சனமும் நடுவில் நடந்து போய்ப் பார்த்தார்கள். தூக்கிப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருவர் டிபன் கேரியர் ஒன்றைத் தட்டுத் தட்டாகப் பிரித்து, கிளிப் லொடலொடவென்று இருக்கிறதே என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். தேனம்மை சண்டை வரப்போகிறது என்று நினைத்தாள். பெண்ணின் தாயார் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, ஆமா ஆச்சி, மாத்திக் குடுத்துருவோம் என்றார். கேரியர் தனியாக எடுத்து வைக்கப்பட்டது. கூட்டம் அடுத்த வரிசைக்கு நகர்ந்தது. யாருக்கும் முகம் சுருங்கவில்லை. பார்ப்பதற்கென்றுதானே பரப்பி வைத்திருக்கிறது.

தேனம்மை பந்திக்குக்கூட உட்காரவில்லை. நேராகக் காரைக்குடி பஸ் ஏறி, பட்டுச் சேலையோடு கடைக்குள் நுழைந்தாள்.

கேம் வெளியாகும் அன்று கடையிலேயே பெரிய டி.வி.யை வைத்து, வருகிறவர்கள் எல்லாருக்கும் அதை ஆடிக் காட்டுவோம் என்றாள். நல்லதும் தெரியட்டும், கோளாறும் தெரியட்டும். பார்த்தவன் பிடித்தால் வாங்கட்டும். ஆன்லைன்காரனால் இதைச் செய்ய முடியாது, செக்காலை ரோட்டில் கடை வைத்திருப்பவரால்தான் முடியும்.

முஜிபுர் நெற்றியைத் தடவினார். "பதிவு இல்லைன்னா டீலர் பத்து டிஸ்க் அனுப்புனா பெருசு. ஊரக் கூட்டிவச்சுப் பத்து டிஸ்க்கக் காட்டவா?"

"மொதல்ல பத்து வித்துட்டு, அப்பறம் கூடக் கேளுங்க."

"அதுல கோளாறு இருந்தா?"

"இருந்தா எல்லாரும் பாப்பாக."

அவர் வேறு வாடிக்கையாளரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். கல்யாண வீட்டுக்கு வந்தவள் மாதிரி உடுத்திக்கொண்டு கடை நடுவில் நின்ற தேனம்மைக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் முடிவு அசையவில்லை.

அந்த ஞாயிறு வீடியோ போட்டாள். எதையும் சுற்றி வளைக்கவில்லை. டிஸ்க் இன்று கிடைக்காவிட்டால் அடுத்த வாரம் கிடைக்கும், டவுன்லோடு என்றைக்கும் தீர்ந்துபோகாது, அப்படியிருக்க முன்கூட்டியே பணம் கட்டுவதால் வாங்குகிறவருக்கு என்ன லாபம் என்று கேட்டாள். ஒரு விலக்கு மட்டும் சொன்னாள். துணியில் அச்சடித்த வரைபடத்தோடு வரும் சிறப்புப் பதிப்புப் பெட்டி கொஞ்சம்தான் செய்கிறார்கள், அது உண்மையிலேயே தீர்ந்துபோகும், அந்த வரைபடத்தின் மேல் ஆசை உள்ளவர்கள் பதிவு செய்யலாம், வரைபடத்துக்காகத்தான் பணம் கட்டுகிறோம் என்ற நினைப்போடு. மற்றவர்கள் வெளியாகும் சனிக்கிழமை செக்காலைக்கு வாருங்கள், கடைக்காரர் சம்மதித்தால் ஆடிக் காட்டுகிறேன், சம்மதிக்காவிட்டால் என் வீட்டிலிருந்து நேரலையில் காட்டுகிறேன் என்று முடித்தாள்.

வசவும் வந்தது. காசு இல்லாதவள் பேச்சு என்று ஒருவன் எழுதினான். கம்பெனிக்காரன் இலவசமாகக் கொடுக்காத கோபம் என்று இன்னொருவன். அவற்றை அவள் ஒரு தடவைக்கு மேல் படிக்கவில்லை. முஜிபுரிடமிருந்து எதுவும் வராததுதான் அவளை அரித்தது. அந்தப் பக்கம் போகும்போது கடையைப் பார்க்காதது போல ஆட்டோவில் கடந்தாள்.

பத்து நாள் போலக் கழித்து அவரிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. 'எத்தனை சேர் போடணும்?'

என்ன நடந்தது என்று பிற்பாடு தெரிந்தது. திருப்பத்தூரிலிருந்தும் சிங்கம்புணரியிலிருந்தும் கடைக்குப் போன் வந்திருக்கிறது. விற்பதற்கு முன்னால் ஆடிக் காட்டுகிறீர்களாமே, உண்மையா என்று கேட்டிருக்கிறார்கள். முதல் ஆளிடம் இல்லை என்றாராம். அடுத்தவரிடம் பார்க்கலாம் என்றாராம். அதற்கப்புறம் கேட்டவர்களிடமெல்லாம் ஆமாம் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

வெளியான சனிக்கிழமை டிஸ்க்கைப் போட்டதும் முதலில் வந்தது கேம் இல்லை. பெரிய அப்டேட் ஒன்று. அது இறங்கி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. அதற்குள் நாற்காலிகள் நிறைந்து வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் தன் கடையை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். முன் வரிசையில் வேல்பாண்டி. சிங்கம்புணரிக்காரர், உர மண்டியில் வேலை. முதல் பாகத்தில் தன் குதிரையும் சுவரில் மாட்டிய அன்று கடைக்கே வந்து கத்தியவர்.

தேனம்மை கன்ட்ரோலரை எடுத்தாள். துறைமுகம் திறந்தது. கூட்டத்தின் சத்தம் தானாக அடங்கியது. அலை கல்லில் மோதி நுரைத்துப் பின்வாங்கியது, சிவப்புக் கோட்டில் பனித் துகள் வந்து ஒட்டிக்கொண்டது. குதிரை சுவருக்கு முன்னால் நின்று தலையை உதறியது. யாரோ கைதட்டினார்கள். முஜிபுரின் முகத்தில் ஒரு மாதமாக இல்லாத வெளிச்சம்.

ஆற்றைத் தாண்டி ஒரு சிறிய ஊர். அதன் முதல் தெருவுக்குள் அவள் கால் வைத்ததும் படம் இழுத்து இழுத்து நகர்ந்தது. பிறகு நின்றேவிட்டது. பனி அந்தரத்தில் தொங்கியது. தேனம்மை அணைத்து மறுபடி போட்டாள்.

டி.வி. ஒயரைச் சரிசெய்கிற சாக்கில் முஜிபுர் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "அந்த ஊருப் பக்கம் போகாத. கடக்கரையிலேயே சுத்திக் காட்டு. அது நல்லாத்தான இருக்கு."

கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. பயத்தில் சொன்னது. கடற்கரையிலேயே ஒரு மணி நேரம் சுற்றலாம், யாருக்கும் தெரியாது, பத்து டிஸ்க்கும் விற்றுப் போய்விடும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மறுப்பது சுலபமாக இல்லை. அவள் திரும்பி நாற்காலிகளைப் பார்த்தாள். பஸ் ஏறி வந்திருக்கிறார்கள்.

"அண்ணே, இதக் காட்டத்தான இவுகளக் கூப்பிட்டோம்," என்றாள். குரலைத் தாழ்த்தவில்லை. பிறகு கூட்டத்திடம், இந்தத் தெருவில் சிக்கல் இருக்கிறது, மறுபடி போகிறேன், நீங்களே பாருங்கள் என்றாள்.

போனாள். மறுபடி நின்றது. சிலர் சிரித்தார்கள், சிலர் உச்சுக் கொட்டினார்கள். இரண்டு பேர் எழுந்து, சரிபண்ணினதும் சொல்லுங்க, வாரோம் என்று முஜிபுரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் தலையை ஆட்டினார். இன்னும் சிலர் சத்தமில்லாமல் நழுவினார்கள். முஜிபுர் கவுண்டருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

வேல்பாண்டி எழுந்து கவுண்டருக்கு வந்தார். "ஒண்ணு குடுங்க பாய்."

"கோளாறப் பாத்தீகள்ல?"

"பாத்துட்டுத்தான் கேக்குறேன். சரிபண்ற வரைக்கும் கடக்கரையில நடந்துட்டுக் கெடக்கேன். போன தடவ எனக்கு யாரும் சொல்லல, அதுக்குத்தான் கத்துனேன்."

அவரைப் பார்த்து இன்னொருவர் வந்தார். அப்புறம் கல்லூரிப் பையன்கள் மூன்று பேர், ஒரு டிஸ்க்கைப் பங்கு போட்டு. எல்லாம் விற்கவில்லை. சாயங்காலம் அலமாரியில் சில டிஸ்க்குகள் மிச்சம் நின்றன. ஆனால் வாங்கிப் போன எவரும் திரும்பி வந்து கத்தப் போவதில்லை என்பது முஜிபுருக்குத் தெரிந்திருந்தது. அது அவர் நின்ற தோரணையிலேயே தெரிந்தது.

தேனம்மை வாங்கவில்லை. அந்தப் பனிக்குள் போக அங்கே வந்திருந்த எல்லாரையும்விட அவளுக்குத்தான் ஆசை. அந்தத் தெரு சரியாகட்டும் என்று மனதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முஜிபுர் ஒரு டிஸ்க்கைச் சும்மா நீட்டியபோதும் வேண்டாம் என்றாள்.

"சும்மா வாங்குனா நான் சொல்றத எவன் நம்புவான்?"

அவர் டிஸ்க்கை அலமாரியில் திருப்பி வைத்தார். காலி நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். கடைசி நாற்காலியை மட்டும் அடுக்காமல் டி.வி.க்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் தான் விற்கிற கேமை அவர் உட்கார்ந்து பார்த்து அவள் கண்டதில்லை.

"போ," என்றார். "அந்தத் தெருவுக்குள்ள இன்னொரு தடவ போ. எந்த எடத்துல நிக்குதுன்னு நானும் பாத்துக்கிறேன். நாளைக்கு வர்றவுகளுக்கு நான்தான சொல்லணும்."

தேனம்மை கன்ட்ரோலரை எடுத்தாள்.