உலை ஆறும்வரை

உலை ஆறவில்லை. நானும்தான்.

உலைக்குள் இருக்கும் கண்ணாடிக் குழாயைச் சூட்டோடு திறக்க உதவும் தடித்த கையுறையை என் வீட்டுக்காரர் பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார். எங்கள் ஆய்வகத்தில் அவருக்கு ஆமை என்று பெயர், வைத்தவளே நான்தான். ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்காது என்பது அவருக்குத் தெரியும். போன தடவை நான் அவசரப்பட்டுத் திறந்ததில், காற்றுப் பட்டதும் உள்ளே வளர்ந்திருந்த கரி இழையெல்லாம் கனன்று சாம்பலாகிவிட்டது.

இன்றும் அப்படி ஆனால் ஆளுக்கொரு ஊர். செம்புத் துகளில் சுருள் இழை வளரவில்லை என்றால், இந்த வேலையை மூடிவிட்டு என்னை வேறு ஊர் ஆய்வகத்துக்கு அனுப்பப்போவதாக எங்கள் ஆய்வகத் தலைவி மேடம் கறாராகச் சொல்லிவிட்டார். மாலையில் பார்க்க வருகிறார்.

போன் போட்டேன்.

"கையுறை எங்க?"

"எங்கிட்ட."

"மேடம் வந்துடுவாங்க!"

"வரட்டும். அவங்க வர்றாங்கன்னு உலை சீக்கிரம் ஆறிடுமா?"

வைத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடுவைகளைக் கழுவினேன். கழுவியதையே மறுபடி கழுவினேன். நாற்காலியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துப் போட்டேன்.

உள்ளே என்ன ஆகியிருக்கும்? கண்ணுக்கே தெரியாத செம்புத் துகள்மேல் வாயு உடையும். அதிலுள்ள கரி அடுக்கடுக்காய்ச் சேர்ந்து இழையாக நீளும். துகளின் எல்லா முகத்திலும் ஒரே வேகத்தில் சேர்ந்தால் இழை நேராகப் போய்விடும். ஒரு முகம் வேகமாகவும் இன்னொரு முகம் மெதுவாகவும் தள்ளினால்தான் சுருளும். சூடு கூடிப்போனால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிடும், அப்புறம் வருவதெல்லாம் குச்சிதான். சூட்டைக் கூட்டினேனா? இல்லை. கூட்டவில்லை. கூட்டியிருப்பேனோ?

அவர் ஆடி அசைந்து வந்தார். புறங்கையால் குழாயைத் தொட்டுப் பார்த்து, வெறுங்கையாலேயே திறந்தார். கறுப்பாய்ப் பஞ்சு போல் கொஞ்சம் இருந்தது. அதை நுண்ணோக்கியில் வைக்கும்போது மேடம் எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்.

திரையில் நடுவே ஒரு துகள். அதன் இரு பக்கமும் இரண்டு இழைகள். ஒன்று இடமாகச் சுருண்டிருந்தது, மற்றது வலமாக.

"சுருண்டிருக்கு! மேடம், சுருண்டிருக்கு!" என்று கத்தினேன்.

மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "ஒரே துகள்லேருந்து ரெண்டா? தனித்தனியா பிரிச்சு வளர்க்க முடியாதா?"

நான் வாயைத் திறந்தேன். என்ன கேட்டாலும் தொண்டையைச் செருமிச் செருமி யோசிக்கிற மனிதர், அதற்குள் சொல்லிவிட்டார்: "பிரிச்சா ரெண்டுமே வளராது மேடம்."

மேடம் திரையைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"சரி, ரெண்டு பேரும் இங்கயே இருங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை முந்தியது இன்றுதான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்க, "இப்பவாவது அந்தக் கையுறையைக் குடுங்க" என்று சீறினேன்.

கொடுக்கவில்லை.