மஞ்சள் போட்ட இன்ஜின்

அடையாறு பாலத்தின் நடுவில் ராஜநாயகத்தின் அம்பாசடர் இருமியபடி நின்றுபோனது. பானெட்டைத் திறந்தான். ஆவி முகத்தில் அறைந்தது. பின்னால் வந்த பஸ் டிரைவர் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டிவிட்டு ஒதுங்கிப் போனார்.

கயிறு கட்டி இழுத்து மந்தைவெளிக்குக் கொண்டுவந்தார்கள். மெக்கானிக் கரீமுல்லா ஆயில் குச்சியை உருவிக் காட்டினான். ஆயில், பால் விட்ட டீ மாதிரி இருந்தது.

"இன்ஜின் பிளாக் வெடிச்சிக்கீது நைனா. தண்ணி உள்ள பூந்துக்கினு கீது. ரேடியேட்டருக்கு இன்னா தண்ணி ஊத்துன?"

"போர் தண்ணிதான்."

"அந்த உப்புத் தண்ணில உங்கூட்ல பருப்பு வேவுதா?"

"லாரித் தண்ணிய நாங்க குடிக்கிறதா, இதுக்கு ஊத்துறதா? போடா!"

மழை பொய்த்த வருஷம். அவன் குடியிருந்த சாந்தோமே குடத்தோடு லாரிக்கு அடித்துக்கொண்டிருந்தது. காருக்கு நல்ல தண்ணீர் கேட்டிருந்தால் மனைவி ஃப்ளோரன்ஸ் குடத்தாலேயே அவனை அடித்திருப்பாள். உப்பு உள்ளே இருந்து தின்றுவிட்டது.

"வேற பிளாக் போடணும். இருபதாயிரம் ஆவும்."

வேலை பார்த்த கம்பெனி மூடிய பிறகு, இருந்ததையெல்லாம் விற்று வாடகைக்கு ஓட்ட வாங்கிய வண்டி. அது ஓடினால்தான் வீட்டில் உலை கொதிக்கும். இனி விற்க வண்டியைத் தவிர ஒன்றும் இல்லை.

கரீமுல்லா குரலைத் தாழ்த்தினான். "ஒரு வழி கீது. ரேடியேட்டர்ல மஞ்சத்தூள் போட்டா விரிசல் அடைச்சிக்கும். புது ஆயில் ஊத்தித் தரேன். நாலு நாள் ஜம்முனு ஓடும். அதுக்குள்ள எவன் தலைலயாச்சும் கட்டிட்டு ஒரு பழைய ஆட்டோ வாங்கிக்க."

யார் தலை என்பது ராஜநாயகத்துக்கு உடனே தெரிந்தது. அவ்வளவு சீக்கிரம் தெரிந்ததுதான் அசிங்கமாக இருந்தது. மயிலாப்பூர் வெங்கடரமணன், பாங்கில் ரிட்டயர் ஆனவர். கச்சேரிக்கும் கல்யாணத்துக்கும் இந்த வண்டியில்தான் போவார். ஆறு மாதமாக விலைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

மஞ்சள் போட்ட வண்டியில் அன்று சாயங்காலமே அவரை ஏற்றிக்கொண்டு குளத்தைச் சுற்றிக் காட்டினான். கண் முழுக்க சூடு காட்டும் முள்ளின் மேல். மாதாவே, அது மட்டும் ஏறக்கூடாது என்று வேண்டினான். திருட்டுக்கு மாதாவைக் கூப்பிடுகிறோமே என்று தோன்றியது. ஆனாலும் நிறுத்தவில்லை. முள் ஏறவில்லை.

"இதுக்கென்ன பரீட்சை? நீங்க வச்சிண்டிருந்த வண்டி, கண்ணை மூடிண்டு வாங்கலாம்" என்றார் வெங்கடரமணன்.

அவர் மனைவி ஜெயலக்ஷ்மி வெற்றிலைத் தட்டில் பணத்தை வைத்து நீட்டினாள். பழைய வண்டிக்கான விலை. ரிப்பேர் செலவைவிட ஏதோ கொஞ்சம்தான் அதிகம்.

"வெள்ளிக்கிழமை விடியக்காலம் வந்துடுங்கோ."

"எதுக்கு சார்?"

"நன்னா கேட்டேள்! எனக்கு ஸ்டியரிங் பிடிக்கவே தெரியாது. நீங்கதான் ஓட்டப்போறேள், மாசச் சம்பளத்துக்கு. பேரனுக்குத் திருப்பதில மொட்டை. பொண்ணு மாளவிகா குழந்தையோட ஆத்துக்கு வந்திருக்காளோன்னோ."

வேறொரு டிரைவர் ஓட்டுவான், முகம் தெரியாத எவனோ மாட்டுவான் என்றுதான் இவ்வளவு நேரம் நினைத்திருந்தான்.

"மலையேத்தம் சார். பஸ்ல போனா சௌகரியம்."

"காரை வாங்கிட்டு பஸ்லயா? பாக்கறவா சிரிப்பா ஓய்!"

சொல்லிவிடலாம், பணம் இன்னும் தட்டில்தான் இருக்கிறது. ராஜநாயகம் வாயைத் திறந்தான். "சர்வீஸ் பண்ணி வியாழக்கிழமை ராத்திரி கொண்டாறேன் சார்" என்றுதான் வந்தது. கை பணத்தை எடுத்துக்கொண்டது.

நேராக ஷெட்டுக்கு வந்தான்.

"வித்துட்டியா? கில்லாடி நைனா நீ!"

ராஜநாயகம் பணக்கட்டை பெஞ்சில் போட்டான். "பிளாக்கை மாத்து. வியாழக்கிழமைக்குள்ள."

கரீமுல்லா அவனை மேலும் கீழும் பார்த்தான். "வித்த வண்டிக்கு எவனாச்சும் இன்ஜின் கட்டுவானா? லூசா நீ?"

"ஓட்டப்போறது நான்தான். மலைக்கு. பின் சீட்ல கைக்குழந்தை."

"போய் உண்மைய சொல்லிட்டு துட்டைக் குடுத்துடேன்."

"குடுத்துட்டு? செத்த வண்டியத் தள்ளிக்கினு வீட்டுக்குப் போறதா?"

கரீமுல்லா ஸ்பேனரை எடுத்தான். "காரும் இல்ல, துட்டும் இல்ல. இன்னாதான் கீது உனுக்கு?"

"மாசச் சம்பளம்" என்றான் ராஜநாயகம்.

எவ்வளவு என்று கேட்காமல் வந்துவிட்டது அப்போதுதான் உறைத்தது.