உப்புப் பார்த்த மருமகள்

"என்னடி வாயில?"

அடுப்படிக்குள் நுழைந்த பெரியாயி இடுப்பில் கை வைத்து நின்றாள். மருமகள் பாக்கியலெட்சுமியின் கன்னம் உப்பியிருந்தது. ஏழு மாத வயிற்றுக்காரி விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் முழித்தாள்.

"உப்புப் பாத்தேன், அத்தே."

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான அந்த லயத்துக் காம்பராவில் ஆம்பளைகள் உண்டு எழும்பும்வரை பெண்பிள்ளை வாயில் பருக்கை படக்கூடாது. முதலில் மாமனார் ரெங்கசாமி, பிறகு புருஷன் பொன்னையா, அப்புறம் பெரியாயி. கடைசியில் பானையைச் சுரண்டினால் கிடைப்பதுதான், நாள் முழுக்க நமுனுகுல மலைச் சரிவில் கொழுந்து பறித்த பாக்கியத்துக்கு. போன வருஷம் ஒரு பிள்ளை வயிற்றிலேயே போயிற்று. "மிச்சத்தைச் சாப்பிட்டா பிள்ளை வளராது. முதல்ல நீதான் சாப்பிட வேணும்," என்று ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி கமலாதேவி கண்டித்தும் வீட்டில் யார் கேட்டார்கள்? வழக்கமாம், பெரிய வழக்கம்! நல்லவேளை, உப்புப் பார்ப்பதை மட்டும் அந்த வழக்கம் தடுக்கவில்லை.

உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்குவதுதான் உப்புப் பார்ப்பது. பாக்கியம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கினாள். பருப்புக்கு ஒரு பிடி சோறு, கருவாட்டுக்கு ஒரு பிடி, கீரைக்கு இரண்டு பிடி.

ஒரு வாரம் போனதும் ரெங்கசாமி பானைக்குள் எட்டிப் பார்த்தார். "சோத்துல பாதியக் காணோமே?"

"கீரைக்கு உப்புச் சரியா புடிபடல, மாமா."

"இனிமே நீ உப்பே பாக்க வேணாம்!"

"சரிங்க மாமா."

மறுநாள் பருப்பில் உப்பே இல்லை. அதற்கடுத்த நாள் கருவாட்டுக் குழம்பை வாயில் வைத்த பொன்னையா தண்ணீர்ச் செம்பைத் தேடி ஓடினான். பாக்கியம் மகா பணிவாகத் தலைகுனிந்து நின்றாள். மூன்றாம் நாள் ரெங்கசாமி தட்டைத் தள்ளி வைத்தார்.

"தாயே, நாளைலேருந்து பாத்துட்டே கொண்டா. வயிறு நெறயப் பாரு!"

அடுத்த நாள் பாக்கியம் அடுப்படியில் தட்டு நிறையச் சோறு போட்டு உட்கார்ந்தாள். பெரியாயி வந்தாள். திட்டத்தான் போகிறாள் என்று பாக்கியம் தட்டைப் பின்னால் நகர்த்தினாள். பெரியாயியோ கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு எதிரே குந்தினாள்.

"எனக்கும் கொஞ்சம் வையி."

முதல் கவளத்தை வாயில் போட்டவள் மெல்லாமல் அப்படியே இருந்தாள்.

"என்ன அத்தே, உப்புக் கூடிப்போச்சா?"

"இல்லடி. சுடுது. முப்பத்திரெண்டு வருசமா ஆக்குறேன். சுடுசோறு இப்புடித்தான் இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

வெளியிலிருந்து ரெங்கசாமி கத்தினார். "இன்னுமா உப்புப் பாத்து முடியல?"

பெரியாயி அடுத்த கவளத்தை உருட்டினாள்.

"சத்தம் போடாம இருங்க. நாங்க சாப்புட்டுக்கிட்டு இருக்கோம்."