கால் குழியில் பத்துக் கொட்டை

1

"பத்துக் கொட்டையும் காலுக்கேவா? அழகுக்கு ஒண்ணு கூட இல்ல, வாய்க்கு ஒண்ணு இல்ல! ஏண்டி, நீ கட்டுனது ஆளா, டவுன் பஸ்ஸா?"

"ஆட்டந்தானே அத்தே."

"ஆட்டமா! ஆவணியில நிச்சயத்த வெச்சுக்கினு ஓடிப்போறதுக்கு ஒத்திகை பாக்கற. இதுக்குப் பேரு ஆட்டமா?"

கத்தியவர் வடிவாம்பாள். கத்தல் வாங்கியவள் அவருடைய அண்ணன் கைலாசத்தின் மகள் ஏலவார்குழலி. ஆவணி நிச்சயம் அவளுக்கும் வடிவாம்பாள் மகன் குமாரவேலுக்கும். இந்தக் கதை பிறந்தது அந்தக் கத்தலில்தான். நான் பக்கத்து வீடு. ஒட்டுக் கேட்டேன் என்று எழுதுவது நியாயமில்லை. வடிவாம்பாள் பேசினால் யாரும் ஒட்டுக் கேட்க வேண்டியதில்லை, காதைப் பொத்தாமல் இருந்தால் போதும். ஜன்னல் ஓரம் நின்றது மட்டும் நானாகச் செய்தது.

2

ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சண்டை புரியாது.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருப் பெண்கள் மத்தியானம் வடிவாம்பாள் வீட்டுத் திண்ணையில் ஒன்றாக உட்கார்ந்து, நெசவுக்கு ராட்டையில் பட்டு நூல் சுற்றுவார்கள். கைக்கு வேலை இருக்கும், மனசுக்கு இருக்காது. அதற்காகத் தெருவுக்கே மூத்தவரான கங்கையம்மாள் கண்டுபிடித்தது இது. பல்லாங்குழிப் பலகையில் ஐந்து குழிக்குப் பெயர்: பலம், அழகு, வாய், கால், அதிர்ஷ்டம். பத்துப் புளியங்கொட்டையை இஷ்டம்போல் அவற்றில் பிரித்துப் போட்டு ஓர் ஆளைக் கட்ட வேண்டும். கங்கையம்மாள் "கட்டியாச்சு" என்று சொல்லிவிட்டால் மாற்ற முடியாது. பிறகு அவர் அந்த ஆளைக் கதையாகவே காட்டுக்குள் அனுப்புவார். புலி வரும், பூதம் வரும். பலம் இருந்தால் அடிக்கலாம், வாய் இருந்தால் பேசித் தப்பலாம், ஒவ்வொரு தப்பலுக்கும் அந்தக் குழியிலிருந்து ஒரு கொட்டை போய்விடும். வடிவாம்பாளின் ஆளுக்கு எட்டுக் கொட்டை வாயில். பூதம் காதைப் பொத்திக்கொண்டு ஓடியது.

ஒருத்தி முதன்முதலாகக் கட்டுகிற ஆள் அவளேதான் என்று எங்கள் தெருவில் ஒரு நம்பிக்கை.* சண்டைக்குக் காரணம் அதுதான். குழலிக்கு அன்றுதான் முதல் ஆட்டம்.

(* கங்கையம்மாளின் முதல் ஆள் ஒரு மகாராணி. அவர் வீட்டில் இன்றைக்கும் காலைக் காபி போடுவது அவர் புருஷன். ஆகவே நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை.)

3

குழலியை எப்படி ஆரம்பிப்பது? எழுதிப் பார்த்தேன்.

"முழு நிலா முகமும், கருமேகக் கூந்தலும்—"

அடித்துவிட்டேன். நேரில் பார்த்தவர்கள் சிரிப்பார்கள்.

"மேலே படிக்க ஏங்கிய அந்தப் பேதைப் பெண்—"

இதுவும் வேண்டாம். அவள் ஏங்கியதாக எனக்குத் தகவல் இல்லை. அந்தத் தெருவில் ஒரு தகவல் எனக்கு வராமல் எங்கே போய்விடும்?

(இது என் முதல் கதை. அவள் என் முதல் ஆள். தெரு நம்பிக்கையை இங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)

நடந்தது இவ்வளவுதான். கைலாசத்துக்கு ஆண் பிள்ளை இல்லை. பாவாடை கட்டிய வயதிலேயே குழலி தறியில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் தறி குழித்தறி. நெய்கிறவர் தரையோடு உட்கார்ந்து, கால் இரண்டையும் குழிக்குள் தொங்கவிட்டு மிதிக்க வேண்டும். குழலிக்குக் கொட்டையைக் கையில் வாங்கியபோது யோசனை ஒன்றும் வரவில்லை. ஒன்றைக் கால் குழியில் போட்டாள். டொக்கென்று அந்தச் சத்தம் பிடித்திருந்தது. இன்னொன்று போட்டாள். கடைசிக் கொட்டை விழுந்தபிறகுதான் மற்றக் குழிகள் காலி என்பதையே கவனித்தாள்.

4

"காலு எதுக்குடி உனுக்கு?" என்றார் வடிவாம்பாள்.

"நாளெல்லாம் மிதிக்கிறேன் அத்தே. மிதிச்ச மிதிக்கு இந்நேரம் வாலாஜாபாத் தாண்டி இருக்கணும். எழுந்து பாத்தா அதே குழி."

ராட்டைகள் நின்றன.

"அப்ப எம்புள்ள? அவன வேணாம்னா நேரா சொல்லிடு. இன்னிக்கே உங்கப்பன் கையில சொல்லி நிச்சயத்த நிறுத்திடறேன்."

"சும்மா இரு வடிவு," என்றார் கங்கையம்மாள். "நான் இன்னும் கட்டியாச்சுன்னே சொல்லல."

குழலி வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேண்டும் என்றால் கல்யாணம், வேண்டாம் என்றால் சண்டை. இரண்டுக்கும் நடுவில் அவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

(எழுதுகிறவளுக்கு அவள் மனசு தெரிந்திருக்க வேண்டும். ஒரு பிரதியில் அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. இன்னொன்றில் பிடிக்கவில்லை. இரண்டும் நன்றாகவே வந்திருந்தன, அதுதான் தொல்லை.)

5

உள்ளே தறிச் சத்தம் நின்றது. குமாரவேல் வெளியே வந்தான். முன்பல் கொஞ்சம் எட்டிப் பார்க்கும், காது இரண்டும் விரித்து வைத்த மாதிரி இருக்கும். நல்ல பையன்.

"பெரிம்மா, எனுக்கும் பத்துக் கொட்டை குடு."

ஆம்பளைகள் ஆடுகிற ஆட்டம் இல்லை அது. கங்கையம்மாள் கொடுத்தார், வேறொரு பலகையையும் தள்ளினார். அவன் பத்தையும் ஒரே பிடியாக அழகில் கொட்டினான்.

எல்லாரும் சிரித்த சிரிப்பு கோயில் குளம்வரை கேட்டிருக்கும்.

"ஆம்பளைக்கு அழகு எதுக்குடா? புலி வந்தா மூஞ்சியக் காட்டுவியா?" என்றார் தாயார்.

"புலி இருக்கற காட்டுக்கு நான் எதுக்கும்மா போறேன்? காலு இருக்கறது போவட்டும். நான் ஊட்லயே குந்திக்கினு இருக்கறேன். அது திரும்பி வர்றப்போ பாக்கறமாரி ஒருத்தன் இருக்கணும் இல்ல?"

குழலி தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். பிறகு குனிந்து, கால் குழியிலிருந்து ஒரே ஒரு கொட்டையை எடுத்தாள். அதைக் கொண்டுபோய்—

அந்த நேரம் பார்த்து வடிவாம்பாள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார். அவர் முதுகு சின்ன முதுகு இல்லை. ஜன்னலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அது ஒன்றுதான். டொக்கென்று சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் கங்கையம்மாள், "கட்டியாச்சு" என்றார்.

6

அந்த ஆடியிலேயே என் வீட்டுக்காரருக்கு வேலை மாற்றல். ஆவணிக்கு நான் வேலூரில் இருந்தேன். இப்படி ஓர் அநியாயம் யாருக்கும் வரக்கூடாது.

கங்கையம்மாள் பலகையோடு மகன் வீட்டுக்கு, செவிலிமேட்டுக்குக் குடி போய்விட்டார். குமாரவேலின் தங்கையை முசரவாக்கத்தில் கொடுத்தார்கள். மற்றதைப் பற்றி, வேலூருக்கு வந்துபோன இரண்டு பேர் வழியாக எனக்கு வந்தது இரண்டு சேதி.

வளையல்காரி கிருஷ்ணவேணி சொன்னது: "பாலாத்துப் பக்கம் கைலாசம் பொண்ணு தனியா வேகமா நடந்து போச்சு. சிரிச்சுக்கினு போச்சு."

பால்கார அர்ஜுனன் சொன்னது: "சாயங்காலமானா குமாரவேலு தலை வாரி, பவுடர் பூசிக்கினு வாசல்ல நிக்கறாம்மா. தெருக்கோடியவே பாத்துக்கினு."

நிச்சயம் நடந்ததா என்று இரண்டு பேரையும் கேட்டேன். கிருஷ்ணவேணி அப்போது ஊரில் இல்லையாம். அர்ஜுனன், "கவனிக்கலம்மா," என்றான். எப்படித்தான் உயிரோடு இருக்கிறார்களோ!

இரண்டு சேதியையும் சேர்த்து வைத்தால் ஒரு முடிவு. தனித்தனியாக வைத்தால் வேறு முடிவு. நான் சேர்க்கப் போவதில்லை. குழலி கையில் ஒரு கொட்டை இருக்கிறது. அவளுடைய வாயில், அதிர்ஷ்டத்தில், அவனுடைய பலகையில், இல்லை எடுத்த இடத்திலேயே, எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். போட்டபின் மாற்றக் கூடாது.