ஏணியில் ஒரு குரல்

மார்ச் பதினேழாம் தேதி காலை, ஆற்று முகத்துவாரத்தில் உள்ள கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில், மண்வாரிக் கப்பல் ஒன்றின் எஞ்சினுக்குள் ஒரு பிட்டரின் வலக்கை விரல்கள் இரண்டு துண்டாயின.

அன்று விடிவதற்கு முன்பே வேலை தொடங்கியிருந்தது. கப்பலின் வயிற்றுக்குள் பகலும் இரவும் ஒன்றுதான். கம்பியில் தொங்கிய இரண்டு விளக்குகளின் மஞ்சள் வெளிச்சம் மட்டும். கீழே, ஃபிளைவீல் என்ற கனத்த சக்கரத்துக்கும் சுவருக்கும் இடையில் ஒரு ஆள் ஒருக்களித்து நிற்க மட்டுமே இடமிருந்த சந்தில், கட்டை என்று எல்லோரும் கூப்பிடும் பிட்டர் கடப்பாரையோடு நின்றுகொண்டிருந்தான். கால் வைத்த இடமெல்லாம் எண்ணெய் வழுக்கியது. மேல்தட்டில், தலைக்கு மேலே ஒன்றரை ஆள் உயரத்தில், அவன் தங்கை கணவன் நெட்டை குப்புறப் படுத்துப் பித்தளைச் சுரண்டியால் கரி சுரண்டிக்கொண்டிருந்தான். சுரண்டிய கரி கட்டையின் கழுத்தில் விழுந்து வியர்வையோடு சேர்ந்து சட்டைக்குள் இறங்கியது.

எஞ்சின் பழையது. வழக்கமான எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு ஒரு பிஸ்டன், மேலே ஹெட் என்ற ஒரு மூடி. இதற்கு மூடியே கிடையாது. ஒரே குழாய்க்குள் மேலிருந்து ஒரு பிஸ்டனும் கீழிருந்து ஒரு பிஸ்டனும் எதிரெதிராக வரும். நடுவில் அகப்பட்ட காற்று நெருக்குண்டு கொதிக்கும்போது டீசல் பீறிடும். வெடிப்பு இரண்டையும் இரு பக்கமும் தள்ளிவிடும். விலகிப் போகிற போக்கில் மேல் பிஸ்டன் சுவரிலுள்ள புகைத் துளைகளைத் திறக்கும், கீழ்ப் பிஸ்டன் காற்றுத் துளைகளைத் திறக்கும். கீழே புகுந்த காற்று எரிந்த புகையை மேலே துரத்திவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வால்வு தேவையில்லை. பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்க மேலே ஒரு கிராங்க், கீழே ஒரு கிராங்க். இரண்டையும் பல்சக்கரங்கள் பிணைத்திருக்கும். கீழே ஃபிளைவீலைக் கடப்பாரையால் அசைத்தால் மேலேயும் அசையும்.

"மச்சானும் மச்சானும் மாதிரிடா இது. முட்டிக்கப் போற மாதிரி வேகமா வருவானுங்க, கடைசி நிமிஷத்துல மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிடுவானுங்க" என்று பட்டறையில் சொல்வார்கள். கட்டையும் நெட்டையும் சேர்ந்தே சிரிப்பார்கள்.

சின்ன இடத்தில் பெரிய சக்தி தரும் எஞ்சின் என்பதால் இந்த வகை போகாத இடமில்லை. நீர்மூழ்கிக் கப்பல்களில் ஓடியிருக்கிறது, ரயில்களை இழுத்திருக்கிறது, ஒரு காலத்தில் விமானங்களிலும் பறந்திருக்கிறது. சில ராணுவ டாங்கிகளில் இன்றும் படுத்தவாக்கில் கிடக்கிறது. மின்சாரம் போனால் உடனே எழுந்து ஓட வேண்டிய இடங்களில் காவலுக்கு நிற்கிறது. பட்டறைக்கு வருவது என்னவோ மண்வாரிகளும் இழுவைப் படகுகளும்தான்.

இந்த எஞ்சினைத் திறந்து வேலை செய்ய ஒரு முறை இருந்தது. மேலே இருப்பவனுக்குக் கீழே இருப்பவன் தெரியமாட்டான். கப்பலின் வெளித்தகட்டில் விழும் சம்மட்டி அடியில் பேச்சும் கேட்காது. அதனால் நடுவில், இரும்பு ஏணியில் மூன்றாவதாக ஒரு ஆள் நிற்பார். அவருக்கு இரண்டு பேரும் தெரிவார்கள். மேலே இருப்பவன் சொல்வதை அவர் கீழே சொல்வார். அவர் வாயிலிருந்து 'தள்ளு' வராமல் கடப்பாரை அசையாது. பல வருடமாக அந்த இடத்தில் நின்றவரின் தொண்டையைப் பார்த்து அவருக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

போன மாதம் முதலாளி எஞ்சின் அறைக்கு வந்தார். ஏணியில் நின்றவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இவரு என்ன வேலை பாக்குறாரு?"

"குரல் குடுக்குறாரு சார்" என்றார் போர்மேன்.

"இந்த எஞ்சினுக்கு ஹெட்டு இல்ல. வால்வு இல்ல. வேலையே பாதி. பாதி வேலைக்கு முழு ஆளா?" என்று சொல்லிச் சிரித்தார் முதலாளி. "நின்னுக்கிட்டு கத்துறதுக்கு எவனாவது கூலி குடுப்பானா? பழைய இரும்பு ஏத்துற பக்கம் அனுப்பு."

சுற்றி நின்றவர்களில் யாரோ கூடச் சேர்ந்து சிரித்தார்கள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். கட்டையும் தரையைத்தான் பார்த்தான். ரேடியோ ஏணியிலிருந்து இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல் போனார். அதன் பிறகு அந்தச் சிரிப்பு யாருடையது என்று ஒருவரும் விசாரிக்கவில்லை.

பதினேழாம் தேதி காலை ஏணி காலியாக இருந்தது. மூன்றாவது சிலிண்டரில், புகைத் துளைக்குள் விரலை விட்டு உள்விளிம்பில் ஒட்டிய கரியை நெட்டை எடுத்துக்கொண்டிருந்தான். கீழே போர்மேன் கட்டையின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"இன்னும் மூணிலேயே நிக்கிறீங்களா? அடுத்ததுக்குத் திருப்பு."

"மேல முடியலையே."

"முடிஞ்சிருக்கும். தள்ளு."

கட்டை கீழ்ப் பிஸ்டனைப் பார்த்தான். அது தன் பாதையின் அடிமுனையில் கிடந்தது. அங்கே கொஞ்சம் தள்ளினாலும் பிஸ்டன் நகர்வதே தெரியாது என்பது அவன் கைப்பழக்கம். கீழே அசையாவிட்டால் மேலேயும் அசையாது என்று அந்த நேரத்தில் அவனுக்குத் தோன்றியது. ஆனால் இந்த எஞ்சினில் புகை முதலில் வெளியேற வேண்டும் என்பதற்காக மேல் பிஸ்டன் கொஞ்சம் முந்தி ஓடும். கீழ்ப் பிஸ்டன் முனையில் படுத்துக் கிடக்கும்போது மேல் பிஸ்டன் தன் முனையைத் தாண்டி உள்ளே திரும்பி, புகைத் துளைகளை மூடத் தொடங்கியிருக்கும். தெரியாத விஷயமல்ல. நூறு தடவை பார்த்ததுதான்.

கடப்பாரையை ஃபிளைவீலின் ஓட்டைக்குள் செருகினான். அப்போது மேலிருந்து, "இரு" என்று கேட்டது.

தெளிவாகக் கேட்டது. சம்மட்டிச் சத்தம் அந்த நொடியில் ஓய்ந்திருந்தது.

"தள்ளுய்யா" என்றார் போர்மேன்.

கட்டை தள்ளினான்.

* * *

மறுநாள் முதலாளி எல்லோரையும் முற்றத்தில் நிற்கவைத்துக் கட்டையிடம் கேட்டார்.

"கை உள்ள இருக்குன்னு அவன் உனக்குச் சொன்னானா?"

போர்மேன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல சார்" என்றான் கட்டை.

"ஏதாவது கேட்டுச்சா?"

"ஒண்ணும் கேக்கல சார்."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல? அவன் சொந்த மச்சானே சொல்றான்." முதலாளி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "கவனமில்லாம வேலை செஞ்சா இப்படித்தான். ஆஸ்பத்திரிச் செலவு நான் பாத்துக்குறேன். அதுக்கு மேல அவனுக்கு இங்க இடமில்ல. போய் வேலையைப் பாருங்க."

சாயங்காலம் கட்டை ஆஸ்பத்திரிக்குப் போனான். பொது வார்டில் சுவரோரக் கட்டில். நெட்டையின் கால்கள் கட்டிலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தன. வலக்கை முழங்கை வரை வெள்ளைத் துணி. தங்கை காலடியில் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, போர்மேன் வீட்டுப் பக்கம் வந்தாரு. வேலையில இல்லாதவங்களுக்குப் பட்டறை ரூம் கிடையாதாம். காலி பண்ணணுமாம். இவரு இன்னும் வேலையில தானே இருக்காரு?"

"பாக்கலாம்மா."

"முதலாளி என்னதான் சொன்னாரு?"

"பாக்கலாம்னுதான் சொன்னாரு."

அவள் தண்ணீர் பிடித்துவர எழுந்து போனாள். நெட்டை கூரையைப் பார்த்தபடி கேட்டான்:

"நான் இருன்னு சொன்னது உனக்குக் கேக்கலையா மச்சான்?"

வார்டின் மறுமூலையில் யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள். கட்டை அந்தப் பக்கம் பார்த்தான்.

"கேக்கல மச்சான்."

நெட்டை மூச்சு விட்டான். ஏதோ பாரம் இறங்கினாற்போல முகம் தளர்ந்தது.

"அதானே. நேத்துலேருந்து அதையேதான் நினைச்சுக்கிட்டுக் கிடக்கேன். கேட்டிருந்தா நீ தள்ளுவியா? என்மேலதான் தப்பு, இன்னும் சத்தமாக் கத்தியிருக்கணும்." இடது கையால் போர்வையை விலக்கிக் கட்டிலின் ஓரத்தைத் தட்டினான். "உக்காரு. ஏன் நிக்கிற? கையில ரெண்டு விரல் மட்டும்தான் குறைச்சல், சாகல."

கட்டை உட்காரவில்லை. பஸ் போய்விடும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். தண்ணீர்க் குடத்தோடு எதிரே வந்த தங்கை ஏதோ கேட்டாள். கேட்காதவன் போல நடந்தான். அன்று மூன்றாவது முறையாக அவன் காது கேட்காதவனாக இருந்தான்.

* * *

அடுத்த நாள் காலை மூன்றாவது சிலிண்டரைக் கழுவியிருந்தார்கள். மேல்தட்டில் ஒரு வெல்டரை ஏற்றியிருந்தார்கள்; பட்டறைக்கு வந்து சில வாரங்களே ஆன ஆள், கைக்குழந்தைக்குத் தகப்பன். இந்த எஞ்சினை அதற்கு முன் பார்த்ததே இல்லை.

"கீழ யாருண்ணே?" என்று கேட்டான்.

"நான்தான்."

"சரிண்ணே. நீங்க இருந்தா சரி."

சுரண்டும் சத்தம் தொடங்கியது. கரி விழுந்தது. போர்மேன் வந்து, "திருப்பு" என்றார். கட்டை கடப்பாரையை எடுத்தான். மேலிருந்து, "இருங்கண்ணே" என்று குரல் வந்தது. சம்மட்டிச் சத்தத்துக்கு நடுவில் தேய்ந்துபோன குரல்.

கட்டை கடப்பாரையைத் தரையில் போட்டான். இரும்பு விழுந்த சத்தத்தில் வெளியே சம்மட்டி நின்றது.

"என்னய்யா?" என்றார் போர்மேன்.

"கேட்டுது."

"என்ன கேட்டுது?"

"அன்னைக்கும் கேட்டுது. இருன்னு அவன் சொன்னது எனக்கு நல்லாக் கேட்டுது. நீ தள்ளுன்னே. நான் தள்ளினேன். முதலாளி கேட்டப்ப இல்லேன்னு சொன்னேன்." அவன் குரல் உயரவில்லை. "என் தங்கச்சி புருஷன் கையை நான் நசுக்கிட்டு, அவன் தப்புன்னு சொல்லிட்டேன்."

வெல்டர் மேலே எழுந்து உட்கார்ந்து தன் கையை மடியில் வைத்துக்கொண்டான். சம்மட்டிக்காரர்கள் ஒவ்வொருவராக எஞ்சின் அறையின் வாசலுக்கு வந்தார்கள். யாரும் கட்டையின் முகத்தைப் பார்க்கவில்லை, அவனும் எதிர்பார்க்கவில்லை.

பழைய இரும்பு ஏற்றும் இடத்திலிருந்து ரேடியோவை யாரோ கூட்டிவந்தார்கள். கையுறையைக் கழற்றாமலே வந்து நின்றார்.

"நீங்க வந்து ஏணியில நில்லுங்கண்ணே. உங்களை நிக்கவிடாம இனி யாரும் கடப்பாரை தொடமாட்டோம்" என்றார் வயதான சம்மட்டிக்காரர்.

"என்னை அனுப்பினப்ப நீங்க எல்லாரும் எங்க இருந்தீங்க?"

சம்மட்டிக்காரர் தன் சம்மட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"ஒருத்தன் சிரிச்சான். யாருன்னு எனக்குத் தெரியும். இன்னைக்கும் அவன்கூடத்தான் டீ குடிக்கிறேன்." ரேடியோ கையுறைகளைக் கழற்றினார். "இதே தொண்டையாலதான் ரெண்டு வார்த்தை அன்னைக்கு எனக்காக நானே பேசியிருக்கலாம். நானும் பேசல. வேற எடத்துல வேலை குடுத்தாங்களேன்னு வாயை மூடிக்கிட்டேன். அதனால உங்களை மட்டும் சொல்ல எனக்கு வக்கில்ல."

அவர் ஏணியில் ஏறினார். நடுவில் நின்றார்.

முதலாளி வர அதிக நேரம் ஆகவில்லை. போர்மேன் பின்னால் நின்றார்.

"யாரு இவரை ஏத்தினது?"

"நாங்கதான்" என்றார் சம்மட்டிக்காரர்.

"ஆளுக்கொரு விசில் வாங்கித் தர்றேன். ஊதிக்கிட்டு வேலை செய்யுங்க. இது போதாதா?"

"விசிலுக்குக் கண்ணு கிடையாது சார்" என்றார் ஏணியிலிருந்த ரேடியோ. "எனக்கு ரெண்டு இருக்கு. ஒண்ணு மேல, ஒண்ணு கீழ."

வாசலில் யாரோ சிரித்தார்கள். இந்த முறை யாரும் தரையைப் பார்க்கவில்லை.

முதலாளி கட்டையின் பக்கம் திரும்பினார். "நேத்து நீ என்ன சொன்னே?"

"பொய் சொன்னேன் சார்."

"அப்ப தள்ளினது நீ. தெரிஞ்சே தள்ளியிருக்கே. போலீஸ்ல சொன்னா என்ன ஆகும் தெரியுமா?"

"தெரியும். போவோம், நானும் வர்றேன். அங்க வந்து ஏணியில ஏன் ஆள் இல்லைங்கிறதை நீங்க சொல்லுங்க. தள்ளுன்னு சொன்னது யாருன்னு போர்மேன் சொல்லட்டும்."

முதலாளி போர்மேனைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் போர்மேன் ஒரு அடி பின்னால் போனார்.

"கப்பல்காரன் நாள் குறிச்சிருக்கான். திருப்பாம எத்தனை நாள் நிப்பீங்க?"

"நெட்டை வேலையில இருக்கான், அவன் ரூம் அவனுக்குத்தான்னு நீங்க சொல்றவரைக்கும்" என்றார் சம்மட்டிக்காரர். "ஏணியில ஆள் இருக்குன்னு சொல்றவரைக்கும்."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா எஞ்சின் இப்படியே கிடக்கும். எங்களுக்குப் பசிக்கும், அது வேற."

* * *

அன்று சாயங்காலம் கட்டை மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனான். ரேடியோ தானும் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றான். ஆனால் செய்தி அவனுக்கு முன்னே போய்ச் சேர்ந்திருந்தது. தங்கை அவனைப் பார்த்ததும் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

"கேட்டுது மச்சான்" என்றான் கட்டை. சொல்லத் தயாரித்து வைத்திருந்த மற்ற எதுவும் வரவில்லை.

நெட்டை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

"நீ போ."

கட்டை நின்றான்.

"போன்னு சொல்றேன்ல. இதையாவது கேளு."

மறுநாள் காலை பட்டறையின் வாயிற்கதவு பூட்டியிருந்தது. கட்டை, ரேடியோ, சம்மட்டிக்காரர் மூவரையும் நீக்கியிருப்பதாக ஒரு தாள் கதவில் ஒட்டியிருந்தது. நீக்கப்படாதவர்களும் அவர்களோடு சுவரோரமாக வரிசையில் நின்றார்கள். வெல்டர் தன் மனைவியையும் குழந்தையையும் கூட்டிவந்திருந்தான். அவர்களுக்குப் பதிலாக முதலாளி வெளியூரிலிருந்து வேனில் கொண்டுவந்த நாலு பேரை ரேடியோ ஓரமாக அழைத்துப்போய்ப் பேசினார். அவர்களில் மூவர் திரும்பிப் போனார்கள். ஒருவன் மட்டும் வேலைக்காகக் கதவருகே நின்றான்.

வெயில் ஏறியபோது, கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு நெட்டை வந்தான். தங்கை பக்கத்தில் வந்தாள். வரிசையில் இடம் விட்டார்கள். அவன் கட்டையைக் கடந்து, மறுகோடிக்குப் போய் நின்றான். முதலாளியின் கார் வந்தபோது கட்டுப்போட்ட கையை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்துக்கொண்டான். வலியில் முகம் சுருங்கியது, கையை இறக்கவில்லை.

கார் நிற்காமல் திரும்பிப் போயிற்று. அன்றும் எஞ்சின் திருப்பப்படவில்லை.