பன்னிருவர் சொன்ன வழக்கம்

விடியுமுன்னே பிரபுவின் நிலத்தில் உழுதுகொண்டிருந்தோம். உறைபனியில் மண் கல்லாய் இறுகிக் கிடந்தது. எருதுகளின் மூச்சு புகையாய் எழுந்தது. விரல்கள் மரத்துப்போனதில், மேழியைப் பிடித்திருக்கிறேனா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வாரத்தில் மூன்று நாள் உழைப்பு அவருக்கு. மிச்ச நாளில்தான் எங்கள் நிலம்.

அன்று ஊர் வழக்குகளைத் தீர்க்கும் மன்று கூடும் நாள்.

முந்தைய வாரம் பிரபுவின் ஆட்டுப்பட்டிக்குக் கல் ஏற்றிப்போன வண்டி சரிவில் குடைசாய்ந்து ரால்ஃப் நசுங்கிச் செத்தான். குடியானவன் செத்தால் வீட்டின் நல்ல மாடு பிரபுவுக்கு. அது வழக்கம். புதைத்த அன்றே ஓட்டிப்போனார்கள். அவன் மனைவி ஏவிஸ்தான் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தாள். புருஷன் நிலத்தை மனைவி சாகும்வரை உழலாம் என்பதும் வழக்கம்தான். அதை இல்லையென்று ஆக்கினால் அங்கே பிரபுவின் ஆடு இன்னும் நாற்பது மேயும்.

வழக்கம் எதுவென்று சத்தியம் செய்து சொல்லும் பன்னிரண்டு பேரில் நானும் ஒருவன். பிரபுவின் காரியஸ்தர் என்னைத் தனியே கூப்பிட்டு, "ஒழுங்கா சொல்லு கில்பர்ட், ஓடையோரப் புல்தரை உனக்கு" என்றிருந்தார். என் மாடுகள் எலும்பாய் நின்றன. தலையாட்டிவிட்டேன்.

தேவாலயத்துக்குள் மன்று கூடியது. காரியஸ்தர் ஊர் வழக்கங்கள் எழுதிய தோல்சுருளை விரித்தார்.

"விதவைக்கு நிலம்னு இதுல எங்கயாவது எழுதியிருக்கா?"

எங்களில் மூத்தவரான ஹாமோ செருமினார். "எழுதினது உங்க ஆளுங்கய்யா. எங்க வழக்கம் எங்க வாயிலதான் இருக்கு."

"அப்ப அந்த வாயால சொல்லுங்க, அப்படி ஒரு வழக்கமே கிடையாதுன்னு. கில்பர்ட், நீ ஆரம்பி."

எழுந்தேன். ஏவிஸ் என்னையே பார்த்துச் சொன்னாள்.

"சொல்லுடா தம்பி. இன்னைக்கு நீ சொல்றதுதான் நாளைக்கு ஒன் பொண்டாட்டிக்கும் வழக்கம். அவளும் அங்கதான் நிக்கிறா. அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டே சொல்லு."

தூணருகே என் மனைவி மேபிள் நின்றாள், ஆறு மாத வயிற்றோடு.

"விதவைக்கு நிலம் உண்டுங்கய்யா" என்றேன். "அப்பா போனப்புறம் எங்கம்மா அப்படித்தான் உழுதாங்க."

"அப்ப புல்தரை வேணாமா உனக்கு?"

எல்லோர் காதிலும் விழுந்தது. வெட்கத்தில் தலை குனிந்தேன். ஹாமோ என் தோளில் கைவைத்தார்.

"எனக்கு ஆலைப் பக்கத்துத் தோட்டம் தர்றதாச் சொன்னாருடா" என்றவர் நிமிர்ந்தார். "உண்டுங்கய்யா."

பன்னிரண்டு பேரும் உண்டு என்றோம்.

காரியஸ்தர் எழுத்தரிடம் திரும்பி, "இல்லைன்னு எழுது" என்றார். எழுத்தர் அப்படியே எழுதினார். பொய்ச்சாட்சி சொன்னதாக எங்களுக்குத் தண்டம் வேறு.

மறுநாள் காரியஸ்தரின் ஆட்கள் வந்து ஏவிஸின் கட்டிலையும் பானைகளையும் தெருவில் எறிந்தார்கள். எடுத்து உள்ளே வைத்தோம். மறுபடி எறிந்தார்கள். மறுபடி வைத்தோம். ஒருவன் ஹாமோவின் பல்லை உடைத்தான். அவர் ரத்தத்தைத் துப்பிவிட்டுக் கட்டிலைப் பிடித்தார். "கால் பக்கம் நீ தூக்குடா கில்பர்ட்."

மூன்றாம் முறை தூக்க ஊரே வந்திருந்தது.

மதியம் அவர்கள் கதவைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஆயுதத்தோடு திரும்பி வருவார்கள். எங்களால் தடுக்க முடியாது. எல்லோருக்கும் தெரியும். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கதவற்ற வாசலை மறித்துத் தோளோடு தோள் நின்றோம்.

உள்ளே ஏவிஸ் அடுப்பு மூட்டினாள்.

"எத்தன பேருக்குடா கஞ்சி?"

திரும்பி எண்ணத் தொடங்கினேன். குளம்படிச் சத்தம் கேட்டபோதும் எண்ணி முடிந்திருக்கவில்லை.