நாற்பதாம் நம்பர் அம்மா

காலையிலேயே சர்வேக்காரியின் தலையில் ஒரு பாத்திரக்கடை சரிந்து விழுந்தது. சூப்பர்வைசர் சொன்னது இவ்வளவுதான்: "அந்த நாற்பதாம் நம்பர் அம்மாவ பதினோரு மணிக்குக் கூட்டிட்டு வந்துடுங்க. சோப்புக் கம்பெனிக்காரங்க நேர்ல பாக்கணுமாம்."

கூட்டி வரலாம்தான். ஆனால் அப்படியொரு அம்மா இந்தப் பூமியில் பிறக்கவே இல்லையே!

நாற்பது வீடு ஏறி, எந்த சோப்பு, ஏன் அது, வீட்டில் யார் முடிவு என்று கேட்டுப் படிவம் நிரப்புவது அவள் பிழைப்பு. முப்பத்தொன்பது வீடு ஏறியதில் செருப்பு அப்பளமாகிவிட்டது. அப்புறம் மழை. மீன்கூடக் குடை தேடும் மழை. ஒரு மாடிப்படியில் ஒதுங்கி, நாற்பதாவது படிவத்தைத் தானே நிரப்பி, தன் வீட்டு போன் நம்பரையே போட்டுத் தொலைத்தாள். சரிபார்க்க போன் வந்தபோது நாத்தனார் எடுத்து, எதிர்முனையில் என்ன கேட்டாலும் சீக்கிரம் வைத்தால் போதுமென்று, "ஆமாமா, வந்தாங்க, கேட்டாங்க" என்று சொல்லிவைத்துவிட்டாள். அந்தக் குரலைத்தான் இப்போது கூட்டி வர வேண்டும். ஒரு படிவம் பொய்யென்று தெரிந்தால் நாற்பதும் குப்பைக்கு. அவள் பெயர் ஏறும் கறுப்புப் பட்டியலைப் பார்த்தபின் ஊரில் எந்த சர்வே கம்பெனியும் பேனாகூடத் தராது. வீட்டில் ஓடுகிற ஒரே சம்பளம் அவளுடையது.

நாத்தனார் ஆபீஸ் படிக்கட்டு வரை வந்தாள். மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டு வந்தாள்.

"நீயே படிடி. என்னத்த எழுதி வச்சிருக்க?"

"அண்ணி, நீங்க பச்ச சோப்புதான் வாங்குவீங்க."

"பச்சையா? அந்த நாத்தம் புடிச்சதா? பதினோரு வருஷமா வீட்டுக்குள்ள விட்டிருக்கேனா நான்?"

"இன்னிக்கு ஒருநாள் அண்ணி. கால்ல விழறேன்."

"சரி, ஏன் வாங்குறேனாம்?"

இந்தக் கேள்விக்கு முப்பத்தொன்பது பெண்களும் நுரை, வாசனை என்று சொல்லியிருந்தார்கள். நாற்பதாவதில் இருந்த வரியைப் பார்த்துத்தான் கம்பெனிக்காரர்கள் துள்ளிக் குதித்து, நாற்காலியை உடைக்காத குறையாக, இந்த அம்மா வேண்டும் என்றார்களாம். சர்வேக்காரி படிக்கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அந்த சோப்பு போட்டுக் குளிச்சா, பத்து நிமிஷத்துக்கு யாரும் என்னக் கூப்பிடாத மாதிரி இருக்கு."

வீட்டில் சர்வேக்காரி குளியலறைக்குள் போனதும் கதவைத் தட்டிக் கூப்பிடுகிற ஒரே ஆள் நாத்தனார்தான். அடுப்பை அணைச்சியா என்று கேட்பாள், சாவியைக் கேட்பாள், ஒன்றுமில்லாவிட்டால் இன்னுமா என்று கேட்பாள்.

"ம்," என்றாள் நாத்தனார்.

கேள்வி கேட்கும் அறையின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. உள்ளே இருப்பவர்களுக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி. பின்னால் இருட்டில் இருப்பவர்களுக்கு ஜன்னல். அந்த இருட்டில் கம்பெனிக்காரர்கள் மூன்று பேர், சூப்பர்வைசர், கண்ணாடியை ஒட்டி சர்வேக்காரி. உள்ளே கேள்வி கேட்பவர் உறை பிரித்த சோப்புகளை மேசையில் வைத்தார். ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை.

"உங்க சோப்ப எடுங்கம்மா. ஏன் அதுன்னு உங்க வார்த்தையிலயே சொல்லுங்க."

நாத்தனாரின் கை பழக்கதோஷத்தில் நேரே மஞ்சளுக்குப் போனது. சூப்பர்வைசர் முன்னால் குனிந்தார். சர்வேக்காரிக்கு உயிர் உச்சந்தலைக்கு ஏறி நின்றது.

கை அந்தரத்தில் நின்றது. பிறகு பச்சையை எடுத்தது. நாத்தனார் அதை மூக்கருகே கொண்டுபோனாள். முகம் சுளித்தாள். கீழே வைக்கவில்லை.

"பத்து நிமிஷம்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள்.

"சொல்லுங்கம்மா."

அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணுக்குத் தெரியக்கூடியது அவள் முகம் மட்டும்தான். ஆனாலும் பார்வை நேராக சர்வேக்காரி நிற்கும் இடத்தில் வந்து நின்றது. இருட்டில் பென்சில்கள் எழுதத் தயாராகக் காத்திருந்தன. சர்வேக்காரியின் மூச்சு பட்டுக் கண்ணாடியில் ஒரு சின்ன வட்டம் பனித்து, அதற்குப் பின்னால் நாத்தனாரின் முகமும் பச்சை சோப்பும் மெல்ல மங்கின.